'ஜெஸ்டேஷனல் சாக்' – தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கர்ப்பத்தின் தொடக்க ஸ்கேனில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் என்ன பொருள் என்று தாய்மாருக்கு விளக்கும் கையேடு, திங்களன்று அச்சுக்குப் போகிறது. தொடக்கத்தில் கருவைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பையான 'ஜெஸ்டேஷனல் சாக்'கில் மாட்டிக்கொண்டேன். கருவுக்கான பை என்று சேர்த்தால் கருப்பை ஆகிவிடுகிறது! "கருப்பை காலி" என்று படிப்பவர் என்ன நினைப்பார்?

தமிழாசிரியர் (ஓய்வு):
சூற்பை என்க. சூல் என்றால் கர்ப்பம். 'கடுஞ்சூல் மகளிர்' குறுந்தொகையிலேயே உண்டு. கையேட்டின் தலைப்பில் உள்ள 'கர்ப்பம்' என்ற வடசொல்லையும் நீக்கிவிடுங்கள்.

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, எங்கள் வகுப்பில் சூற்பை பூவுக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து அன்பர்:
இங்கே பெண்ணின் முட்டை உருவாகும் இடம் சூலகம். சூற்பை என்றால் அதோடு குழம்பும். பனிக்குடம் என்று பழகிய சொல் இருக்கிறதே?

ஸ்கேன் மருத்துவர்:
பனிக்குடம் ஆகாது. ஐந்தாம் வாரம் ஸ்கேனில் கருப்பு வட்டமாகத் தெரிவது, கருவைச் சூழும் வெளிச்சவ்வுக்குள் இருக்கும் நீர். பனிக்குடம் அதற்குள்ளே தனியாக வளர்ந்து, பிறகுதான் அந்த வெளிச்சவ்வோடு ஒட்டும்.

'காலி' என்றும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். நாள் கணக்கு தவறியிருந்தால் கரு கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்திருக்காது. பிறப்புவழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனில் பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டியும் கரு இல்லை, அல்லது கரு 7 மி.மீ. இருந்தும் இதயத்துடிப்பு இல்லை என்றால்தான் கர்ப்பம் நிலைக்கவில்லை என்போம். அதற்குக் குறைவென்றால் ஒரு வாரமாவது பொறுத்து மறுபடி பார்ப்போம். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயில் தங்கியிருக்கும்போது கருப்பைக்குள் வெறும் நீர் தேங்கி, பை போலவே ஏமாற்றுவதும் உண்டு. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர்:
அப்படியானால் கருப்பொதி. பொதிதல், பொத்துதல், பொதும்பர் எல்லாம் ஒரு வேர். பொதியில் மலையையும் அங்கே சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தான்றிக்காய் அளவுக் கரு இரண்டாகப் பிளவுபடாமல் தப்பியதை 'ஒருமதித் தான்றியின் இருமையிற் பிழைத்தும்' என்று மணிவாசகர்...

ஸ்கேன் மருத்துவர்:
இரட்டைக் கருவைச் சொல்கிறாரோ என்று நானும் யோசித்ததுண்டு ஐயா. ஆனால் திங்கட்கிழமை!

தாவரவியல் ஆசிரியை:
பொதி என்றதும் கழுதைதான் நினைவுக்கு வருகிறது. கருக்கூடு?

யாழ்ப்பாணத்து அன்பர்:
உயிர் போன உடம்பையும் கூடு என்போமே அம்மா. இந்தச் செய்தியோடு வரும் தாளில் அது வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, மூன்று பேர் தனிமடலில் கருக்கூட்டுக்கே வாக்களித்தார்கள். முதல் தடவை 'ஜெஸ்டேஷனல் சாக் எனப்படும் கருக்கூடு' என்றும், அப்புறம் 'கரு இன்னும் தென்படவில்லை' என்றும் எழுதிவிட்டேன். 'காலி', 'வெற்று' எங்கும் இல்லை. ஏமாற்றும் நீருக்கு 'பொய்க்கூடு'.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். என் அகராதிக் குறிப்பில் கருப்பொதிதான். கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடி நீர்க்கொப்புளங்களாய் வீங்குவதற்கு 'முத்துப்பிள்ளை கர்ப்பம்' என்று சொல் கண்டவர் இங்கே யாரையாவது கேட்டா வைத்தார்? அந்த 'முத்து' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.