மழை வந்தால் சிவக்கும் ஹோலோகிராம்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்து எழுதுகிறேன்.

பொலிவைனைல் அல்ககோலில் அக்ரிலமைட், டிரையெத்தனோலமைன், எரித்ரோசின் பி சாயம் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்த, ஒளி பட்டால் படம் பதியும் படலம் என்னுடையது. அதில் 532 நானோமீற்றர் பச்சை லேசரால் அம்மாவின் மூக்குத்தியைப் பிரதிபலிப்பு ஹோலோகிராமாக, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்ணிய அடுக்குகளால் ஆன முப்பரிமாணப் படமாகப் பதிந்தேன். ஏழு கல்லும் தனித்தனியாகப் பச்சையில் மின்னின. பார்த்து அம்மா தொடக் கை நீட்டினார்.

ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்ததும் படம் மஞ்சளாகி, பிறகு சிவந்துவிட்டது. படலம் ஈரம் குடித்து உப்பும்போது உள்ளே இருக்கும் அடுக்குகளின் இடைவெளி கூடுகிறது. அதனால் திரும்பி வரும் ஒளியின் அலைநீளமும் நீண்டு, நிறம் சிவப்புப் பக்கம் போகிறது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் வைத்தேன், பச்சை ஓரளவு திரும்பியது. வெளியே எடுத்தால் மறுநாளே பழைய கதைதான்.

சரி, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து எபொக்சியால் ஓரங்களை அடைக்கலாம் என்று நினைக்கிறேன். படலத்தைத் தின்னாத பசை எது? அடைக்கும் முன் எவ்வளவு உலர்த்த வேண்டும்? மிஞ்சிய சாயத்தை வெள்ளை ஒளியில் வெளுக்கவைப்பது அதற்கு முன்பா, பின்பா?

ஒளி பட்டால் மூலக்கூறுகள் வடிவம் மாறும் அசோபென்சீன் பொலிமருக்கு மாறச் சொல்கிறான் நண்பன். அதில் எழுதியதை ஒளியே அழித்துவிடவும் கூடும் என்பதால் தயங்குகிறேன். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இப்படிப் படலங்களை வருடக்கணக்கில் காப்பாற்றியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.