'லேட் ஷிஃப்ட்' படத்து ஹெலன் குஷ்னிக் நிஜத்திலும் அப்படித்தானா?

வைகைக்கரை கேட்டது:

எச்பிஓ 1996-ல் எடுத்த 'தி லேட் ஷிஃப்ட்' தொலைக்காட்சிப் படத்தை நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன். ஜானி கார்சன் 'டுநைட் ஷோ' என்ற அமெரிக்க இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சியிலிருந்து ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலிக்கு டேவிட் லெட்டர்மேனும் ஜே லெனோவும் போட்டி போடுகிறார்கள் என்பது முன்பே தெரியும். ஆனால் மனதில் தங்கியது அவர்கள் இருவரும் இல்லை. லெனோவின் மேனேஜர் ஹெலன் குஷ்னிக்தான். அவராக நடித்த கேத்தி பேட்ஸ் போனில் கத்தும்போதெல்லாம் எனக்கே பதறியது.

அந்த அம்மா உண்மையிலேயே அப்படியா, இல்லை படத்துக்கு ஒரு வில்லி தேவை என்று ஊதிப் பெரிதாக்கிவிட்டார்களா? லெனோ சின்ன அறைக்குள் ஒளிந்து ஒட்டுக்கேட்டது நடந்ததா? முதலில், பத்து வருஷமாக டுநைட் ஷோ முடிந்ததும் வரும் நேரத்தில் நிகழ்ச்சி நடத்திய லெட்டர்மேனுக்கு அதை ஏன் கொடுக்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆன்டெனா:

ஒட்டுக்கேட்டது நிஜம். டுநைட் ஷோவை ஒளிபரப்பிய என்பிசி சேனலின் அதிகாரிகள் லெனோவை வைத்துக்கொள்வதா விடுவதா என்று போனில் கூடிப் பேசியபோது, அவர் பக்கத்தில் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுத்தார். பின்னாளில் அவரே ஒத்துக்கொண்ட விஷயம் அது.

லெட்டர்மேனுக்கு ஏன் தரவில்லை என்றால், நள்ளிரவு 12:30 மணிக்கு அவர் நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்தார், அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தார்கள். என்பிசியை வாங்கிய ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை அவர் நிகழ்ச்சியிலேயே கிண்டல் செய்ததும் மேலிடத்துக்கு இனிக்கவில்லை. லெனோ அப்படி இல்லை. ஊர் ஊராகப் போய் உள்ளூர் நிலையங்களுக்கு விளம்பரம் பேசிக் கொடுத்தார், 1987-லிருந்து கார்சன் லீவு போட்ட நாட்களில் அவர்தான் நடத்தினார்.

கதவோரம்:

ஹெலனைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேலையின் ஒரு ஓரத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஒரு சேனலில் விருந்தினர்களைப் பேசிக் கூட்டிவருவது என் பொறுப்பு. "முதலில் அந்தச் சேனலுக்குப் போனால் இங்கே வரவேண்டாம்" என்று ஒரு நடிகரின் மேனேஜரிடம் சொல்லும்படி மேலதிகாரி என்னை ஏவினார். சொன்னேன். அன்றைக்கு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஹெலன் செய்ததும் இதேதான், ஆனால் அமெரிக்கா முழுவதும் கேட்கிற அளவுக்கு. 1992 மே 25-ல் லெனோ நிகழ்ச்சி தொடங்கியதும் அவரே தலைமைத் தயாரிப்பாளர் ஆனார். போட்டி நிகழ்ச்சியான அர்சேனியோ ஹால் நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்று மிரட்டினார். டிராவிஸ் டிரிட் என்ற பாடகரின் மேனேஜர் பணியவில்லை. டிரிட்டுக்குக் கொடுத்த நாள் ரத்தாயிற்று, அந்த மேனேஜர் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனார். செப்டம்பரிலேயே ஹெலனை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆக, படம் ஊதிப் பெருக்கியது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் வில்லி என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஹெலனின் மகன் சாம், குறைப்பிரசவக் குழந்தைக்கு ஏற்றிய ரத்தத்தால் எய்ட்ஸ் வந்து, 1983-ல் மூன்று வயதில் இறந்தான். கணவர் 1989-ல் புற்றுநோயில் போனார். ஒரு மகளை வைத்துக்கொண்டு, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த அறைகளுக்குள் போய் லெனோவுக்கு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். கார்சனை விரட்டப்போகிறார்கள் என்று 'நியூயார்க் போஸ்ட்'டில் செய்தி வரவைத்தவரும் அவர்தான் என்கிறது பில் கார்ட்டரின் புத்தகம், படத்துக்கு மூலமே அதுதான். அந்தச் செய்தியால் பலன் அடைந்தது யார்? லெனோ. 'நல்ல பையன்' என்ற பெயர் அவருக்கு, கெட்ட பெயர் முழுக்க ஹெலனுக்கு. முதல் நாள் நிகழ்ச்சியில் கார்சனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே, அது ஹெலனின் கட்டளை என்றார்கள். இருக்கட்டும். மேடையில் நின்ற வாய் யாருடையது?

கேத்தி பேட்ஸுக்கு கோல்டன் குளோப் கிடைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கத்துகிறபோதும் அந்த முகத்தில் ஒரு பயம் ஓடுகிறது, பாருங்கள். படம் வந்த அதே 1996-ல் ஹெலனும் இறந்துபோனார், 51 வயது.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அக்கா. மகன் விஷயம் இவ்வளவு விரிவாகத் தெரியாது. இன்னொன்று. கடைசியில் என்பிசி இறங்கிவந்து லெட்டர்மேனுக்கு டுநைட் ஷோ தருகிறது, அவர் வேண்டாம் என்கிறார். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டதை யாராவது அப்படித் தள்ளுவார்களா?

கதவோரம்:

தம்பி, கொடுத்தது எப்படி என்று கவனியுங்கள். லெனோவின் ஒப்பந்தம் முடிந்து 1994 மே மாதம்தான் நாற்காலி கிடைக்கும், பணமும் போட்டிச் சேனலான சிபிஎஸ் தருவதைவிடக் குறைவு. லெட்டர்மேனின் ஏஜென்ட் மைக்கேல் ஓவிட்ஸ் அதற்குள் சிபிஎஸ்ஸிடம் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர் பேசிவைத்திருந்தார். இருந்தும் லெட்டர்மேன் தடுமாறினார். இத்தனை பேரம் பேசப்பட்டு அடிபட்ட அந்த நிகழ்ச்சி இனி கார்சனுடையது அல்ல என்று அவருக்கு எடுத்துச் சொன்னது பீட்டர் லசாலி. அவர் முன்பு கார்சனின் தயாரிப்பாளர், அதனால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. லெட்டர்மேன் கார்சனுக்கே போன் போட்டார். நானாக இருந்தால் வெளியேறிவிடுவேன் என்ற பொருளில்தான் கார்சன் பதில் சொன்னார். எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் இதுதான், ரிச் லிட்டில் கார்சனாக வருகிறார்.

பழைய ஆன்டெனா:

லெனோவைப் பற்றி அக்கா கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார். தன் மேனேஜரை வெளியேற்ற நேர்ந்ததற்கு அவர் வருந்தினார், எதிர்த்தரப்பு தினமும் தோற்கடித்த காலத்தில் முணுமுணுக்காமல் உழைத்தார். 1993 ஆகஸ்ட் 30-ல் லெட்டர்மேன் சிபிஎஸ்ஸில் தொடங்கியதும் பார்வையாளர் எண்ணிக்கையில் முன்னுக்குப் போனார். 1995 ஜூலையில், அப்போது கைதாகிப் பரபரப்பில் இருந்த நடிகர் ஹ்யூ கிரான்ட் லெனோவிடம் வந்து உட்கார்ந்த வாரத்தோடு நிலைமை திரும்பியது.

கதவோரம்:

உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கார்சன் 1994-ல் லெட்டர்மேன் நிகழ்ச்சிக்கு வந்தார், லெனோவின் டுநைட் ஷோவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. அந்த மனிதர் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.