கஷாயம் குடிச்சும் சளி விடலையா? எதிர்ப்பு சக்தி தேடி அலைஞ்ச கதையைச் சொல்லுங்க

காவிரிக்கரை

முதல்ல என் கதை. 2021-ல ரெண்டாவது அலை முடிஞ்ச கையோட எனக்கு ஒரு பயம் ஒட்டிக்கிச்சு. காலையில வெறும் வயித்துல கபசுரக் குடிநீர், பதினொரு மணிக்கு இஞ்சி எலுமிச்சை, சாயங்காலம் துளசி மிளகு, ராத்திரி மஞ்சள் பால். வீட்டுல ஒரு அடுப்பு கஷாயத்துக்குன்னே எரிஞ்சது. ஒரு வருஷத்துக்கு மேல இந்தக் கூத்து. பலன்? சளி மாசம் தவறாம வந்தது, நெஞ்செரிச்சல் புதுசா கூட வந்தது.

2022 கடைசியில பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்த சித்த மருத்துவர் அம்மாகிட்ட போனேன். என்னெல்லாம் குடிக்கிறேன்னு பெருமையா ஒப்பிச்சேன். அவங்க சிரிச்சுட்டாங்க. "கபசுரம்னா அது ஒரு காய்ச்சலோட பேரு தம்பி. 15 சரக்கு சேர்ந்த மருந்து. 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணியில போட்டு 60 மில்லியா சுண்டக் காய்ச்சி, சொன்ன நாளைக்கு மட்டும் குடிக்கணும். நீங்க டீ மாதிரி குடிச்சிருக்கீங்க. சுக்கும் திப்பிலியும் அக்கரகாரமும் உள்ள போனா வயிறு எரியாம என்ன செய்யும்?"

அடுத்து ரெண்டே கேள்வி. எத்தனை மணிக்குத் தூங்கப் போறீங்க? காலையில என்ன சாப்பிடறீங்க? தூங்கறது ஒரு மணிக்கு, கையில போனோட. காலையில காபி மட்டும், பசிச்சா ரெண்டு இட்லி. அவங்க மருந்தே எழுதலை. பத்தரைக்கு படுக்கணும், காலையில சுண்டலோ முட்டையோ இருக்கணும், தினம் ஒரு கொய்யாப்பழம். ஆரஞ்சைவிட கொய்யாவுல நாலு மடங்கு வைட்டமின் சி-ன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஆரஞ்சுக்கு எவ்வளவு செலவழிச்சிருக்கேன்!

சளி பிடிச்ச நாளை எல்லாம் நாள்காட்டியில சிவப்பு பேனாவால சுழிக்கிறது என் பழக்கம். 2022-ல 9 தடவை. 2023-ல 4. ஆனா ஒண்ணை மறைக்கக்கூடாது. 2022 ஜூன்லதான் பொண்ணு எல்.கே.ஜி. சேர்ந்தா. வகுப்புல இருந்த சளியை எல்லாம் பையோட சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்தா. அடுத்த வருஷம் அவளுக்கும் பழகிடுச்சு, எங்களுக்கும் பழகிடுச்சு. அதனால இதுல தூக்கத்துக்கு எவ்வளவு பங்கு, எல்.கே.ஜி.க்கு எவ்வளவு பங்குன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

நீங்க சொல்லுங்க. வாட்ஸ்அப்ல வந்தது வேண்டாம், உங்களுக்கு நடந்தது.

மூணு ஷிஃப்ட்

ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலை. வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் முடிஞ்சு வந்து பகல்ல நாலு மணி நேரம் தூங்கினா அதிகம். கீழ் வீட்டுல மிக்ஸி, தெருவுல காய்கறி வண்டி. நைட் வாரம் முடியறப்ப தொண்டை கட்டும், இது கணக்கு மாதிரி வரும். நான் கேன்டீன் சாப்பாட்டைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

அமெரிக்காவுல 164 பேருக்கு ஒரு வாரம் கையில கருவி கட்டித் தூக்கத்தை அளந்துட்டு, அப்புறம் மூக்குல சளி வைரஸைச் சொட்டு விட்டு ஹோட்டல்ல வெச்சுப் பார்த்திருக்காங்க. 2015-ல வந்த ஆய்வு. 7 மணி நேரத்துக்கு மேல தூங்கினவங்களைவிட, 6 மணி நேரத்துக்குக் குறைவா தூங்கினவங்களுக்குச் சளி பிடிக்கிற வாய்ப்பு நாலு மடங்கு. அதைப் படிச்சதும் கறுப்புத் துணி வாங்கி ஜன்னலை மூடினேன், காதுல பஞ்சு. ஆறு மணி நேரம் தேறுது. தொண்டை பரவாயில்லை. ஷிஃப்ட்டை மாத்தச் சொன்னாதான் மாத்த மாட்டேங்கறாங்க.

ஈரோட்டுப் பொண்ணு

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை பத்து வருஷமா இருக்குதுங்க. கொரோனா சமயத்துல யாரோ சொன்னாங்கன்னு தேன் நெல்லிக்காய் ஆரம்பிச்சாங்க, தினம் மூணு. "நெல்லிக்காய் தானே கண்ணு, சத்து"ம்பாங்க. பாட்டில் அடியில இருந்த பாகையும் வழிச்சுக் குடிப்பாங்க. கால்ல செருப்பு கடிச்ச புண்ணு ஒண்ணு ரெண்டு மாசமா ஆறவே இல்லீங்க. டெஸ்ட் எடுத்தா வெறும் வயித்துச் சர்க்கரை 240.

டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. சர்க்கரை ஏறிக் கிடந்தா கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுக்களே மந்தமாயிடும், நீங்க சக்தி கூடணும்னு சாப்பிட்டது சக்தியைக் குறைச்சிருக்குன்னாங்க. இப்ப பச்சை நெல்லிக்காயை மோர்ல அரைச்சுக் குடிக்கறாங்க, மாத்திரை நேரத்துக்குப் போடறாங்க. புண்ணு ஆறிருச்சு. தேன் பாட்டிலை நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.

பேரன் பேத்தி எடுத்தவர்

நான் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லாம் சளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எதிர்ப்பு சக்தி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் 30 வருடம் வீடு வீடாகப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு உடம்பே அதைப் பூட்டி வைத்துவிடும். பூட்டு எப்போது திறக்கும்? பட்டினி, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., குடி, புகை. நம் ஊரில் முதல் காரணம் பட்டினிதான். பட்டினி என்றால் சாப்பிடாமல் கிடப்பது மட்டும் இல்லை. மூன்று வேளையும் சோறும் ரசமும் ஊறுகாயும் சாப்பிட்டு வயிறு நிறைந்துவிடும், பருப்பும் முட்டையும் கண்ணில் படாது. அதுவும் பட்டினிதான்.

கட்டட வேலை செய்த ஒரு பையன். உயரம் ஐந்தரை அடி, எடை 38 கிலோ. சளிப் பரிசோதனையில் கிருமி. வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரே அறை. மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் போனால் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது. கேட்டால், "வெறும் வயித்துல போட்டா வாந்தி வருது சார்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காசநோயாளிகளின் சாப்பாட்டுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் பணம் அப்போது மாதம் 500 ரூபாய், 2018-ல் தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்துதான் 1000 ஆனது. அதை வைத்து முட்டையும் பொட்டுக்கடலையும் வாங்கச் சொன்னேன். பணம் வர தாமதமான மாதங்களில் தெருக்கோடி மளிகைக்கடை அண்ணாச்சி கடனுக்குக் கொடுத்தார். நான் பார்த்த வரையில் அந்தத் தெருவில் எதிர்ப்பு சக்திக்கு அவரைவிட யாரும் அதிகம் செய்ததில்லை.

இது என் கற்பனை இல்லை. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதி வீடுகளில் கூட இருக்கும் குடும்பத்தினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. 2023-ல் வெளியானது. மூலிகை இல்லை, பொடி இல்லை. அரிசியும் பருப்பும்.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள், "அப்போ நல்லா சாப்பிட்டா போதும், மாத்திரை எதுக்கு" என்று. அதற்கும் சென்னையில் பதில் இருக்கிறது. சேத்துப்பட்டு காசநோய் மையத்தில் 1956-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் சேர்த்து, மாத்திரையோடு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. மற்றவர்களுக்கு அதே மாத்திரை மட்டும், இருந்தது அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே, சாப்பிட்டது அதே ஏழைச் சாப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடியதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். நோய் வராமல் தடுக்கச் சோறு பெரிது, வந்த பிறகு மாத்திரை பெரிது. என் அனுபவமும் அதுதான்.

அப்பம்மாவின்ர பேத்தி

யாழ்ப்பாணம். எங்கட வீட்டில தடிமன் எண்டால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்ச தண்ணி, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கோணும். அப்பம்மா குடிச்சு முடியும்வரை பக்கத்தில நிப்பா. ரெண்டு நாள் பள்ளிக்கூடமும் இல்லை, விளையாட்டும் இல்லை, கஞ்சியும் படுக்கையும்தான். இப்ப கனடாவில நான் அதே மல்லித்தண்ணியைப் போத்தலில ஊத்திக்கொண்டு வேலைக்குப் போறன். சுகமாகிறதுக்கு ஒரு கிழமை ஆகுது. அப்பம்மான்ர வைத்தியத்தில பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திட்டன் போல.

கீழ்க்கட்டளை

எச்சரிக்கையாவே எழுதறேன். எங்க மாமியார் தினமும் சீந்தில் கொடிச் சாறு குடிச்சாங்க, ஆறு மாசம். கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் அடர்ந்து போச்சு. கல்லீரல் டெஸ்ட்ல எல்லா எண்ணும் சிவப்புல. மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. என்ன சாப்பிடறீங்கன்னு டாக்டர் மூணாவது தடவை கேட்டப்பதான் சாறு விஷயம் வெளியே வந்தது. அது மருந்துன்னே அவங்க நினைக்கலை, "இயற்கை தானே"ன்னாங்க. நிறுத்தின பிறகு ரெண்டு மாசத்துல சரியாச்சு.

2021-ல மும்பை டாக்டர்கள் இதே மாதிரி 6 பேரைப் பத்தி எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்துச்சு. அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை. ஆனா மாமியாருக்கு ஏற்கெனவே தைராய்டு, அதுவும் உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கற வகை. அப்படிப்பட்டவங்க எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடறேன்னு கிளம்பறது கொள்ளிக்கட்டையால தலையைச் சொறியற மாதிரின்னார் டாக்டர். அந்த மும்பை நோயாளிகள்லயும் சிலருக்கு இப்படித்தான் இருந்திருக்கு.

சந்தேகப்பிராணி

அப்போ மஞ்சள் பாலும் வேஸ்ட்டா?

காவிரிக்கரை

வேஸ்ட் இல்லைங்க, ஆனா நாம நினைக்கிற அளவு இல்லை. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் தனியா போனா உடம்புல சேர்றது ரொம்பக் கம்மி. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில 1998-ல பண்ணின ஆய்வுல, மிளகுல இருக்கிற பைப்பரின் சேர்த்ததும் அது இருபது மடங்கு கூடிச்சு. பாட்டி பால்ல மிளகு தட்டிப் போட்டது சும்மா இல்லை. ஆனா அங்க கொடுத்தது 2 கிராம் குர்குமின். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள்ல அதுல பத்துல ஒரு பங்குகூட தேறாது. நான் இப்பவும் குடிக்கிறேன். குடிச்சா தூக்கம் வருது, எனக்கு அது போதும்.

பெரியவரே, ஒண்ணு கேக்கணும். அந்த 38 கிலோ பையன் என்ன ஆனார்?

பேரன் பேத்தி எடுத்தவர்

ஆறு மாதம் மாத்திரை முடித்தான். போன பொங்கலுக்குப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன், அவன்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டான். 54 கிலோ என்று சொல்லிவிட்டு, "எடை மிஷின்ல ஏறிப் பாக்கறீங்களா சார்?" என்று அங்கேயே ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தான். பிள்ளைகளுக்கு நோய் வரவில்லை. அண்ணாச்சி கடை பாக்கியை அடைக்கத்தான் ஒரு வருடம் ஆனதாம்.