ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

பையன் அம்மா:
பிறந்த குழந்தை பெரும்பாலும் ஒரு நாளுக்குள், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள், கரும்பச்சையாக முதல் மலம் போய்விடும். என் பையன் போகவில்லை. வயிறு தவில் மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. மாமியார் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தார். காற்றும் மலமுமாகப் பீச்சியடித்து வயிறு வடிந்தது. அப்பாடா என்று இருந்தோம், மறுபடியும் உப்பிவிட்டது.

குழந்தைகள் அறுவைசிகிச்சை மருத்துவர் இந்தக் காம்புக் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல் வைத்து எடுத்தால் பீச்சியடிப்பது இந்த நோய்க்கு முக்கியமான அடையாளமாம். காம்பும் அதைத்தான் செய்திருக்கிறது.

குடலுக்குள் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் மேலே குடல் பெருத்து, ஆசனவாய்ப் பக்கம் ஒல்லியாகத் தெரிந்தது. "பெருத்த இடத்தைத்தானே சார் எடுக்கணும்?" என்றேன். "இல்லம்மா, அது நல்ல குடல். தள்ளித் தள்ளியே பெருத்துப் போச்சு. கீழே ஒழுங்கா இருக்கற மாதிரி தெரியுதே, அதுலதான் நரம்பு செல் இல்ல" என்றார். குடலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்த பயாப்ஸியும் அதையே சொன்னது. கருவில் இந்த செல்கள் மேலிருந்து குடல் வழியாக இறங்கி வருமாம். பாதி வழியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதி காலி. சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி, அதில் ஆண் பிள்ளைகளே அதிகம்.

பார்மகாலஜி வாத்தியார்:
நீங்கள் கேட்ட கேள்வியிலேயே மருத்துவ உலகம் பல காலம் சிக்கிக் கிடந்தது, அம்மா. கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-ல் பெர்லினில் இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். எல்லார் கண்ணும் பெருத்த குடலிலேயே இருந்தது. வயிற்றில் துளை போட்டு மலத்துக்கு வழி செய்தால் பிள்ளை தேறுகிறது, அதை மூடினால் பழையபடி ஆகிறது என்பதைக் கவனித்தவர் பாஸ்டனில் இருந்த ஆர்வர் ஸ்வென்சன். ஒல்லிப் பகுதியை நீக்கி, மேல் குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை 1948-ல் வெளியிட்டார்.

கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டை டைரோட் கரைசல் என்ற வெதுவெதுப்பான உப்புக் கரைசலில், ஆக்சிஜன் குமிழ் விட்டுத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். மூளையும் கிடையாது, தண்டுவடமும் கிடையாது. ஆனாலும் உள்ளே நீரை ஏற்றி விரித்தால் அலையலையாகத் தள்ளும். ஜெர்மன் மருந்தியலாளர் டிரெண்டலென்பர்க் 1917-லேயே இதைக் காட்டிவிட்டார். தசை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஆவர்பாக் நரம்புப் பின்னல்தான் காரணம். பின்னால் இருக்கும் தசையை இறுகச் சொல்லும், முன்னால் இருப்பதைத் தளரச் சொல்லும். தளரச் சொல்ல ஆளில்லாத குடல் இறுகியே கிடக்கும். உங்கள் பையனுக்கு நடந்தது அதுதான்.

பழைய நோயாளி:
சின்ன வயதில் எனக்கும் இதே ஆபரேஷன். இப்போது வேலைக்குப் போகிறேன், எல்லாம் சாப்பிடுகிறேன், பயப்படாதீர்கள். ஒன்று மட்டும்: ஆபரேஷனுக்குப் பிறகும் என்டரோகொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி வரலாம். காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றமெடுக்கும் பேதி மூன்றும் சேர்ந்தால் சாதாரணப் பேதி என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி. புது டாக்டரிடம் போனால் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டிவிடுங்கள். வெறும் "லூஸ் மோஷன்" என்று சொன்னால் அதற்கான மாத்திரையைத்தான் எழுதுவார்கள்.