'எஃபெமெரா' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்

வினா:
ஏலப் பட்டியல் ஒன்றில் பழைய ரயில் பயணச்சீட்டுகளையும் நாடகத் துண்டறிக்கைகளையும் 'எஃபெமெரா' என்ற தலைப்பின்கீழ்க் கண்டேன். நிலையற்றவை என்று பொருள்படும் சொல்லை, நூறாண்டு காலம் பத்திரப்படுத்தப்பட்ட தாள்களுக்கு எவ்வாறு வழங்குகிறார்கள்? இது ஒருமையா, பன்மையா?

மறுமொழி 1:
ஒருநாள் மட்டுமே நிலைப்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. முழு வளர்ச்சியடைந்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ மட்டுமே வாழும் மேஃப்ளை பூச்சிகளின் வரிசைக்கு 'எஃபெமெரோப்டெரா' என்று பெயரிட்டிருப்பதும் அதனால்தான். தாள்களைப் பொறுத்தவரை, அவை எத்தனை ஆண்டுகள் பிழைத்தன என்பதல்ல, எவ்வளவு நேரப் பயனுக்காக அச்சிடப்பட்டன என்பதே கணக்கு. துளையிட்ட பயணச்சீட்டின் வேலை, இறங்கும் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. இத்தகைய தாள்களுக்கெனவே மாரிஸ் ரிக்கார்ட்ஸ் 1975இல் லண்டனில் ஒரு சங்கம் நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலுள்ள ஜான் ஜான்சன் தொகுப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மறுமொழி 2:
இலக்கணப்படி பன்மை. 'எஃபெமெரான்' என்ற ஒருமையை இன்று எழுதுவோர் அரிது. 'எஃபெமெரல்' என்ற பெயரடையே பெருவழக்கு. மழைக்குப் பின் மட்டும் நீரோடும் ஓடைகளை நீரியலாளர்கள் அவ்வாறே குறிப்பிடுகின்றனர். மனிதர்களுக்கு அதை அடைமொழியாக்குவது சற்று மிகை என்பது என் கருத்து.

வினா கேட்டவர்:
அவ்வாறாயின் திருமண அழைப்பிதழும் இதில் அடங்குமா?

மறுமொழி 1:
தயக்கமின்றி அடங்கும், முகூர்த்த நேரம் கடந்ததும் அதன் பயன் முடிந்துவிடுகிறதே.