ஷிஃப்ட்டை மாற்றிவிட்டேன், எச்சரிக்கை மெயில் எனக்கே வந்தது. இது நியாயமா?

கடைசிபெஞ்ச் (கேள்வி)

பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர் வேலையில் சேர்ந்து இது இரண்டாவது செமஸ்டர். வாரத்துக்கு 12 மணி நேரம். செவ்வாயும் வியாழனும் மாலையில் நாலு நாலு மணி நேரம், ஞாயிறு காலை நூலகம் திறக்கும் ஷிஃப்ட் இன்னொரு நாலு.

போன ஞாயிறு பிராஜெக்ட் வேலை கழுத்தைப் பிடித்தது. வெள்ளிக்கிழமையே கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். “சரி, நான் பார்த்துக்கிறேன்” என்றார். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அவரோ ஞாயிறு காலை தூங்கிவிட்டார். திங்களன்று மெயில் வருகிறது, எனக்கு: ‘தகவல் சொல்லாமல் வராதது, முதல் முறை.’ மூன்று முறை ஆனால் வேலை போய்விடுமாம். அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

ஏமாந்ததும் நான், தண்டனையும் எனக்கா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கவுண்டரில் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். அசைன்மென்ட் எழுதுவதைக்கூட யாரும் தடுப்பதில்லை. அப்படியிருக்க, பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஏன் இவ்வளவு கெடுபிடி?

பழைய கவுண்டர்க்காரி

தம்பி, நான் மாணவியாக இரண்டு வருஷம் இதே வேலை பார்த்தேன். பிறகு அதே நூலகத்தில் நாலு வருஷம் மாணவ ஊழியர்களுக்கு அட்டவணை போட்டேன். இந்தப் பஞ்சாயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். மெயில் அனுப்பியவர் செய்தது சரிதான். கோபித்துக்கொள்ளாதே.

அட்டவணையில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதுதான் ஷிஃப்ட். அதில் பெயர் மாறும்வரை நீ மாற்றிக்கொடுக்கவில்லை, மாற்றிக்கொள்ளலாமா என்று பேசியிருக்கிறாய், அவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு பொறுப்பாளருக்கு எப்படித் தெரியும்? ஒன்பது மணிக்கு அவர் தாளைப் பார்க்கிறார், உன் பெயர் இருக்கிறது, நீ இல்லை. உனக்குத்தான் போன் செய்திருப்பார். நீ எடுத்தாயா?

திறக்கும் ஷிஃப்ட் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கதவு திறப்பதற்கு முன் விளக்கு, கணினிகள், பிரிண்டருக்குத் தாள், இரவெல்லாம் நிரம்பிய ரிட்டர்ன் பெட்டி என்று எல்லாம் ஆகியிருக்க வேண்டும். பெட்டியைக் காலி செய்யாவிட்டால் மேலே மேலே விழுகிற கனத்தில் அடியில் இருக்கும் புத்தகங்களின் முதுகு மடங்கிப்போகும். திருப்பிக் கொடுத்த புத்தகத்தைக் கணினியில் வரவு வைக்கும்வரை அது வாசகர் கணக்கிலேயே கிடக்கும். அவர் வந்து “நேற்றே போட்டேனே” என்று சண்டை போடுவார். பல இடங்களில் திறக்க இரண்டு பேர் வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். ஒருவர் கவுண்டரை விட்டு நகர முடியாது, மற்றவர் உள்ளே ஓட வேண்டும். ஞாயிறு உன்னோடு அட்டவணையில் இருந்த இன்னொருவரின் காலை எப்படிப் போயிருக்கும் என்று அவரிடமே கேட்டுப் பார்.

தாமதமும் அப்படித்தான். நீ வரும்வரை முந்தைய ஷிஃப்ட்காரர் எழுந்து போக முடியாது, அவருக்கு அடுத்த வகுப்பு இருக்கும். உன் பத்து நிமிடம் அவருடைய வருகைப் பதிவில் போய் விழுகிறது. என் காலத்தில் வாய்மொழி மாற்றத்தால் இரவு அடைக்கும் ஷிஃப்ட்டுக்கு இரண்டு பேரில் ஒருவர்கூட வரவில்லை. இவர் வருவார் என்று அவர், அவர் வருவார் என்று இவர். நூலகர் ஒருவரே மாடி மாடியாக ஏறி, கடைசி ஆளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டினார். அந்த ஆள் புவியியல் ரேக் பக்கத்தில் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாராம்! மறுநாள்தான் மாற்றங்களுக்கென்று ஒரு படிவம் வந்தது: கொடுப்பவர், எடுப்பவர், பொறுப்பாளர், மூன்று பேரும் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். எடுத்தவர் வராவிட்டால் எச்சரிக்கை அவருக்கு. உங்கள் இடத்திலும் இப்படி ஏதாவது இருக்கும். சேர்ந்தபோது கொடுத்த கையேட்டை எடுத்துப் பார்.

மணிக்கணக்கு வேறு இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் வெளிநாட்டவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 18 மணி நேரம் போட்டிருக்கும் ஒருவர் நட்புக்காக உன் நாலு மணி நேரத்தை வாங்கிக்கொண்டால் 22. சிக்கல் அவருடைய விசாவுக்கு. தாளில் வந்திருந்தால் நான் அப்போதே பார்த்துத் தடுத்திருப்பேன்.

ரேக்எறும்பு

கவுண்டர் ஒத்துவராவிட்டால் புத்தகம் அடுக்கும் வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். நான் வாரம் 10 மணி நேரம் அடுக்குகிறேன். பல நூலகங்களில் இதற்கு நேரம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். புத்தக வண்டி ஒன்பதுக்குப் பதில் பதினொன்றுக்கு நகர்ந்தால் யாரும் அழமாட்டார்கள். ஆனால் சும்மா உட்காரலாம் என்ற நினைப்போடு வராதீர்கள். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் வகைப்பாட்டு எண்ணைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். 512.13, 512.9 இரண்டில் எது முன்னால் வரும் தெரியுமா? புதிதாக வருபவர்கள் 9-ஐ முன்னால் வைத்துவிடுவார்கள். இது தசமம், .13 தான் முன்னால். தவறான இடத்தில் சொருகிய புத்தகம் காணாமல் போன மாதிரிதான். கணினி ‘உள்ளே இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எண்களையே பார்த்தால் எனக்குக் கண் கட்டிவிடும். இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்துக் கேளுங்கள்.

நடுராத்திரிவிளக்கு

அக்கா சொல்வதில் பாதிக்குத்தான் ஒப்புக்கொள்வேன். தேர்வு வாரத்தில் நூலகம் நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கும், ஆள் அதிகம் வேண்டும். அந்த வாரத்தில்தானே எங்களுக்கும் தேர்வு? ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதி எழுதிவைத்தார். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனும் வாசகன்தானே ஐயா!

பழைய கவுண்டர்க்காரி

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். முதல் வருஷம் நான் இதில் சொதப்பினேன். வகுப்பு நேரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தேர்வு நாட்களைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கடைசி வாரம் ஒரே நாளில் ஆறு பேர் லீவு கேட்டார்கள். அடுத்த வருஷம் தேர்வு அட்டவணை வெளியான அன்றே எல்லோரிடமும் வாங்கி, அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத் துண்டுகளாகப் புதிதாகப் போட்டேன். கேட்காத பொறுப்பாளராக இருந்தால் நீங்களே தேதிகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதுவும் முன்கூட்டியே.

கடைசிபெஞ்ச்

போன் வந்திருந்தது அக்கா, சைலன்ட்டில் இருந்தது. மூன்று தவறிய அழைப்புகள். கையேட்டில் ஏழாம் பக்கத்தில் மாற்றுப் படிவம் பற்றி இருக்கிறது, நான் புரட்டியதே இல்லை. இன்று பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தேன். எச்சரிக்கையை எடுக்கமாட்டாராம், ஆனால் செமஸ்டர் முடிந்தால் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குமாம். ஞாயிறு தனியாகத் திறந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அடுத்த வாரம் ரிட்டர்ன் பெட்டி உன்னுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.