மறு: படித்துறைக்கு டைல்ஸ் போடுவது பற்றி

உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்க் காவிரிப் படித்துறைக்கு டைல்ஸ் போடலாம் என்று டொரண்டோ அண்ணன் எழுதியிருந்தார். "மழையே இல்லாத ஆற்றுக்கு டைல்ஸ் எதுக்குப்பா" என்று மஸ்கட் மாமா கேட்டிருந்தார். போன வாரம்தான் ஊரிலிருந்து திரும்பினேன். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் குதித்து விளையாடிய காலத்தில் எட்டாவது படிதான் கடைசிப் படி. அதற்குக் கீழே மணல். இப்போது எட்டாவது படிக்குக் கீழே அஸ்திவாரக் கருங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து ஓர் ஆள் உயரம் இறங்கினால்தான் ஆறு. மணல் மூட்டைகளை அடுக்கி இறங்க வழி செய்திருக்கிறார்கள். பெரியம்மா அதில் கால் வைக்கப் பயந்து, ஆடிப்பெருக்கன்று முளைப்பாரியைப் பேரன் கையில் கொடுத்து விடச் சொன்னாராம்.

மாமா, தண்ணீர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் போனபோது காவிரி நுங்கும் நுரையுமாகத்தான் ஓடியது. ஆனால் ஆற்றிலிருந்து நம் வாய்க்கால் பிரியும் தலைப்பில் ஆடு படுத்திருந்தது. ஆற்றின் தரை இறங்கிவிட்டது, தலைப்பு பழைய உயரத்திலேயே நிற்கிறது. முன்பு முழங்கால் தண்ணீர் ஓடினாலே வாய்க்காலில் ஏறும். இப்போது வெள்ளம் வந்தால்தான் எட்டிப் பார்க்கிறது. மாயனூர் கதவணைக்கு மேலே தண்ணீரைத் தேக்கி எடுக்கும் வாய்க்கால்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் கதவணைக்குக் கீழே.

சரி, மழைக்கு வருகிறேன். அதுவும் பொய்யில்லை. 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் அணையில் 40 அடிதான் தண்ணீர். குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய கொட்டில் ஜூலை 30-இல் 120 அடி நிரம்பிவிட்டது. அதே நாள் விடியுமுன்தான் வயநாட்டில் சூரல்மலை பக்கம் மலை சரிந்து ஊர்களே போயின. அந்தச் சரிவு மேற்கே சாலியாற்றோடு போனது. நமக்கு வரும் கபினி பிறப்பதும் அதே வயநாட்டில்தான். அப்புறம் என்ன, நிரம்பிய வேகத்தில் உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போயிற்று.

இதில் ஒரு கணக்கு பார்த்தேன். 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அதில் ஜூலைக்கு உரியது 31.24. விநாடிக்கு 1 லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் வந்தால் 8.64 டி.எம்.சி. அப்படியானால் நாலே நாள் வெள்ளத்தில் ஒரு மாதப் பங்கு ஏட்டில் நேராகிவிடும். வாழைக்கும் கொடிக்காலுக்கும் வேண்டியது நாலு நாள் வெள்ளமில்லை, நாற்பது நாள் சீரான ஓட்டம். முன்பு மழை தவணை முறையில் தந்ததை இப்போது மொத்தமாகக் கொட்டிவிட்டு, மாதக்கணக்கில் ஆளைக் காணோம்.

ஆனால் மழையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. 1934-இல் மேட்டூர், 1955-இல் பவானிசாகர். இரண்டும் தண்ணீரை மட்டுமல்ல, மலையிலிருந்து வரும் மணலையும் நிறுத்திவைத்துக்கொள்கின்றன. அணைக்குக் கீழே அள்ளிய மணலுக்குப் பதில் மணல் வருவதில்லை. இருப்பைத் தின்றோம், அவ்வளவுதான். ஆற்றுத் தரை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பே சாட்சி. கொள்ளிடம் தாழ்ந்துபோய்க் காவிரித் தண்ணீரை இழுத்துக்கொண்டது என்றுதான் 1836-இல் அங்கே ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே கொள்ளிடக் கரைப்பக்கம் 9 மதகுகள் அடித்துப் போயின. அணை பழையது என்பார்கள், மணல் அள்ளியதுதான் காரணம் என்பார்கள். எனக்கு இரண்டும் உண்டு என்றே படுகிறது.

யார் அள்ளினார்கள் என்று கேட்டு எழுத வேண்டாம். அப்பாவின் பழைய கணக்கு நோட்டு கிடைத்தது. நான் சிங்கப்பூரிலிருந்து முதன்முதலில் அனுப்பிய பணத்தில் மாடி எழுப்பிய வருஷம், "ஆத்து மணல் 22 லோடு" என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. நம் தெருவில் மாடி இல்லாத வீடு எத்தனை, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஊரில் கேட்பது டைல்ஸ் இல்லை, கொரம்பு. ஆற்றுக்குள் சவுக்குக் கட்டை நட்டு, மூட்டை அடுக்கி, தண்ணீரைத் தலைப்புப் பக்கம் திருப்புவது. இந்த வருஷமும் போட்டார்கள், முதல் வெள்ளத்திலேயே போய்விட்டது. வருஷா வருஷம் போட வேண்டிய வேலைதான், நிரந்தரத் தீர்வு இல்லை என்று எனக்கும் தெரியும். தலைப்பைத் தாழ்த்தித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள், அது நடக்கும்வரை இதுதான் வழி.

படித்துறையில் கீழே ஆறு படி கூட்டிக் கட்டினால் போதும். டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும், பெரியம்மா வயசுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். சம்மதமா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். "ஆத்து மணலே ஏற்பாடு பண்ணித் தரேன் சார், உங்களுக்குன்னா கிடைக்கும்" என்றார். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு போதும் என்று சொல்லி வந்திருக்கிறேன்.